கல் செதுக்கிய கைகள்: பிளாரென்ஸும் கிருஷ்ணாபுரமும்

(அம்பாசமுத்திரம் வட்டாரத்து மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சிற்பக் கலையைப் பற்றி இன்று பேசப் போகிறோம் என்றதும், "நூல் நூற்கிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் சிற்பம் எதற்கு? கூலியைப் பற்றிப் பேசலாமே, போனஸைப் பற்றிப் பேசலாமே!" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. கூலியைப் பற்றியும் தான் பேசப் போகிறோம். பாறையிலிருந்து கல்லைப் பிளந்தவன், வண்டியில் ஏற்றியவன், உளி பிடித்துச் செதுக்கியவன், அவர்களுக்குச் சோறு போட நெல் விளைத்தவன், இத்தனை பேருடைய வேர்வை சேர்ந்தால் தான் ஒரு சிலை. அந்தச் சிலைக்குக் கீழே யாருடைய பெயர் எழுதப்படுகிறது? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போவோம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், பாளையங்கோட்டையைத் தாண்டிச் சில மைல் போனால் கிருஷ்ணாபுரம். அங்கே வேங்கடாசலபதி கோயில் இருக்கிறது. முருகனுக்கு முடி இறக்கப் போகிற அவசரத்தில் நம்மவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்ப்பதில்லை. மதுரை நாயக்கர் அரசை நிறுவிய விசுவநாத நாயக்கரின் மகன் கிருஷ்ணப்ப நாயக்கர் எடுப்பித்த கோயில் அது. அவர் ஆண்டது 1564 முதல் 1572 வரை.

அதே 1564-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், இத்தாலி தேசத்தில் ரோமாபுரியில் மைக்கேலாஞ்சலோ என்ற சிற்பி இறந்தான். அப்போது அவனுக்கு வயது 88. சாவதற்குச் சில நாட்களுக்கு முன்பு வரை கையில் உளியும் சுத்தியலுமாக ஒரு சிலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இன்று உலகத்தில் எந்த நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் அவன் பெயரைச் சொல்லும். கிருஷ்ணாபுரத்துக் கர்ணனைச் செதுக்கியவன் பெயர் என்ன? கிருஷ்ணாபுரத்திலேயே கேட்டுப் பாருங்கள். ஒருவராலும் சொல்ல முடியாது. ஒரே காலம், இரண்டு ஊர், இரண்டு இடத்திலும் கல் பேசுகிறது. ஒரு சிற்பிக்குப் பெயர் இருக்கிறது, மற்றவனுக்கு இல்லை. ஏன்?

இத்தாலியின் கதையை முதலில் பார்த்துவிடுவோம். 14, 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே நடந்த மாறுதலை மறுமலர்ச்சி என்று சரித்திரத்தில் சொல்கிறார்கள். கோட்டைக்குள் உட்கார்ந்து குடியானவனைப் பிழிந்து தின்ற நிலப்பிரபுக்களின் பிடி, வியாபாரப் பட்டணங்களில் தளர்ந்தது. அந்த யுகத்தை, மனித குலம் அதுவரை கண்டவற்றுள் மிகப் பெரிய முற்போக்கான புரட்சி என்று எங்கெல்ஸ் மதிப்பிட்டார். அதுவரை தேவனைப் பார்த்தே பழகிய கண், மனிதனைப் பார்க்கத் தொடங்கியது.

அந்த மறுமலர்ச்சிக்குத் தாய்வீடு பிளாரென்ஸ் நகரம். அதற்குப் பணம் வந்த வழி எது தெரியுமா? துணி! கம்பளித் துணி நெய்து உலகமெங்கும் விற்றார்கள். ஆட்டு மயிரைச் சிக்கெடுப்பதும், அடித்துத் துவைப்பதும், நூற்பதும், சாயம் போடுவதுமாக ஆயிரக்கணக்கான தொழிலாளிகள். நாம் மில்லில் கார்டிங் என்கிறோமே, அந்த வேலையை அவர்கள் கையால் செய்தார்கள். ஹார்வி துரை 1880-களில் பாபநாசத்து நீர்வீழ்ச்சியைக் கண்டு இங்கே மில் வைத்தான். அதற்கு ஐந்நூறு வருஷம் முன்னாலேயே பிளாரென்ஸ் ஒரு மில் பட்டணம்.

அங்கே வியாபாரிகளும் பட்டறைக்காரர்களும் தொழில்வாரியாகக் கழகங்கள் வைத்திருந்தார்கள். இவற்றை நம் தொழிற்சங்கம் போல நினைத்துவிடக் கூடாது. பட்டறை முதலாளிமாருக்குத் தான் அதில் இடம், கூலிக்காரனுக்கு இடமில்லை. ஆனால் அந்தக் கழகங்கள் தாம் நகரத்தை ஆண்டன. அவைதாம் சிற்பிகளுக்கு வேலை கொடுத்தன. நகரத்து ஞானஸ்நானக் கோயிலுக்கு வெண்கலக் கதவு செய்யத் துணி வியாபாரிகள் கழகம் 1401-இல் போட்டி வைத்தது. கிபெர்ட்டி என்ற வாலிபன் ஜெயித்தான். முதல் ஜோடிக் கதவுக்கு 1424 வரையும், அடுத்த ஜோடிக்கு 1425 முதல் 1452 வரையும் பாடுபட்டான். வாழ்நாள் முழுவதும் இரண்டு ஜோடிக் கதவு! அந்தக் கதவில், வேதக் கதைகளுக்கு நடுவே, வழுக்கைத் தலையும் குறும்புப் பார்வையுமாக ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது. அது தேவதூதனுமல்ல, அரசனுமல்ல, கிபெர்ட்டியே தான். வேலை செய்தவன் தன் முகத்தையே வார்த்து வைத்துவிட்டான்.

இன்னொன்று சொல்கிறோம், இது அதைவிட ருசியானது. பிளாரென்ஸில் ஒரு தானியக் கிடங்கு. பிற்பாடு அது கோயிலாயிற்று. அதன் வெளிச்சுவரில் ஒவ்வொரு கழகமும் தன் தன் செலவில் ஒரு சிலை வைக்கவேண்டும் என்று ஏற்பாடு. சணல்துணிக்காரர்கள் ஒன்று வைத்தார்கள், ஆயுதம் செய்கிறவர்கள் ஒன்று வைத்தார்கள். இரண்டையும் செதுக்கியவன் டொனாடெல்லோ. கல்தச்சர், மரத்தச்சர் கழகமும் வைத்தது. யாரை வைத்தார்கள்? நான்கு சிற்பிகளை! ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒரு தெய்வச் சிலை செய்யும்படி கட்டளையிட்டான் என்றும், எங்கள் மனச்சாட்சிக்கு விரோதமான வேலையைச் செய்யமாட்டோம் என்று நான்கு கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்தார்கள் என்றும், அதற்காகக் கொல்லப்பட்டார்கள் என்றும் கிறிஸ்தவர்களிடையே ஒரு கதை. வேலை நிறுத்தம் செய்தவர்களைப் புனிதர்களாக்கிச் சுவரில் ஏற்றிவிட்டார்கள்! நான்னி டி பாங்கோ என்ற சிற்பி 1410-ஐ ஒட்டிய வருஷங்களில் செதுக்கினான். அந்த நால்வருடைய காலடியில் ஒரு சிறு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அதிலே ஒருவன் சுவர் எழுப்புகிறான், ஒருவன் கல்லில் துளை போடுகிறான், ஒருவன் அளவெடுக்கிறான், ஒருவன் குழந்தைச் சிலை செதுக்குகிறான். தன் உழைப்பையே கல்லில் எழுதி நடுத்தெருவில் வைத்தார்கள், தோழர்களே. கழகம் என்று ஒன்று இருந்ததால் அந்தத் துணிச்சல் வந்தது.

இப்போது மைக்கேலாஞ்சலோவுக்கு வருவோம். அவனுக்குப் பால் கொடுத்த செவிலித்தாய் ஒரு கல்தச்சன் மனைவி. அந்தப் பாலோடு உளியையும் சுத்தியலையும் குடித்துவிட்டதாக அவன் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். அவன் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது தாவீது சிலை. நம் ஊர் வேதக்கோயில்களில் கேட்ட கதை தான்: கவணும் கல்லும் வைத்திருந்த ஆட்டிடையன், கவசம் போட்ட கோலியாத்தை வீழ்த்திய கதை. பிளாரென்ஸ் மக்கள் 1494-இல் மெடிசி என்ற கோடீசுவரக் குடும்பத்தை ஊரைவிட்டு விரட்டிக் குடியரசு அமைத்திருந்த சமயம். 1501-இல் கம்பளிக் கழகத்தாரும் பெரிய கோயில் கட்டட நிர்வாகத்தாரும் இந்தச் சிலைக்கு உத்தரவு கொடுத்தார்கள். கல்லோ, வேறு சிற்பிகள் தொட்டுக் கெடுத்துவிட்டுப் போன பழைய சலவைக்கல்; பல வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. அதிலிருந்து 1504-க்குள் 17 அடி உயரத்தில் ஒரு வாலிபனை எழுப்பினான். நாற்பது பேருக்கு மேல் சேர்ந்து, கொழுப்புத் தடவிய உருளைக் கட்டைகள் மேல் வைத்துத் தள்ளி, நாலு நாளில் அரசாங்க மாளிகை வாசலுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் இரவு நேரத்தில் யாரோ அதன் மேல் கல்லெறிந்தார்கள். பிரபுக்களுக்கு ஆத்திரம் வரத்தானே செய்யும்!

அந்தச் சிலையின் குணம் என்ன? மறுமலர்ச்சிச் சிற்பம் முழுமைக்கும் அதுவே அடையாளம். உடம்பின் பாரம் முழுவதும் ஒரு காலில் நிற்கிறது. மற்றக் கால் தளர்ந்திருக்கிறது. பாரம் ஏற்றிய இடுப்பு உயர்கிறது, அதே பக்கத்துத் தோள் தாழ்கிறது. மூட்டை தூக்கி நின்று இளைப்பாறுகிறவனைப் பாருங்கள், அப்படித்தான் நிற்பான். புறங்கையில் நரம்பு புடைத்திருக்கிறது. நெற்றி சுருங்கியிருக்கிறது. சண்டை இன்னும் தொடங்கவில்லை, தொடங்கப் போகிறது. துணியும் இல்லை, நகையும் இல்லை, கிரீடமும் இல்லை. மனித உடம்பே போதும் என்கிறான் சிற்பி. அந்த உடம்பை அறிவதற்காக ஒரு மடத்து ஆஸ்பத்திரியில் பிணங்களை அறுத்துப் படித்தான். சுற்றி வந்து நான்கு பக்கமும் பார்க்கும்படி சிலையைச் சுவரிலிருந்து பிரித்து நிறுத்துவது, தசையும் எலும்பும் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டு செதுக்குவது, முகத்தில் மனத்தைக் காட்டுவது, இந்த மூன்றும் அவர்களுடைய பெரிய சாதனைகள்.

மேஸ்திரிமார் கேட்க வேண்டிய கதை ஒன்றும் உண்டு. நகரத் தலைவர் சொடெரினி வந்து பார்த்துவிட்டு, மூக்குக் கொஞ்சம் தடிப்பு என்றாராம். மைக்கேலாஞ்சலோ ஏணியில் ஏறி, கையில் மறைத்து வைத்திருந்த சலவைக்கல் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிரவிட்டு, சுத்தியலைத் தட்டுவதுபோல் தட்டினானாம். "இப்போது தான் சரி!" என்றாராம் தலைவர். சிற்பிகளின் வாழ்க்கையை எழுதி 1550-இல் புத்தகம் போட்ட வசாரி சொல்லும் கதை இது. அப்படி ஒரு புத்தகம் அங்கே வந்தது என்பதையும் கவனியுங்கள். கல்தச்சன் வாழ்க்கையை எழுதி அச்சடிக்கும் காலம் அங்கே வந்துவிட்டது.

சரி, அப்படியானால் பிளாரென்ஸ் உழைப்பாளியின் சொர்க்கமா? அங்கே தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். தாவீதுக்குப் பணம் கொடுத்தார்களே கம்பளிக் கழகத்தார், அவர்கள் தங்கள் தொழிலாளிகளை எப்படி வைத்திருந்தார்கள்? கூட்டம் கூடக் கூடாது. சங்கம் வைக்கக் கூடாது. சியூத்தோ பிராந்தினி என்ற கம்பளித் தொழிலாளி தன் தோழர்களைச் சேர்த்துச் சங்கம் அமைக்க முயன்றான். 1345-இல் நள்ளிரவில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். அவனைத் தூக்கில் போட்டார்கள். மறுமலர்ச்சியின் சரித்திரத்தில் டொனாடெல்லோவின் பெயர் தெரிந்தவர்கள் இந்தப் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1378 ஜூலையில் அந்தத் தொழிலாளிகள் கிளர்ந்தெழுந்து அரசாங்க மாளிகையையே பிடித்தார்கள். 'சியோம்பி' எழுச்சி என்று அதற்குப் பெயர். சிக்கெடுக்கும் தொழிலாளியான மிக்கேலே தி லாண்டோ நகரத் தலைவன் ஆனான். கூலிக்காரருக்கென்று புதிதாகக் கழகங்கள் ஏற்பட்டன. ஆனால் ஆகஸ்ட் முடிவதற்குள் அந்த லாண்டோவே பெரிய கழகத்தார் பக்கம் சாய்ந்து, தன்னை ஏற்றிவிட்டவர்கள் மேல் படையோடு பாய்ந்தான். இந்த ரகத் தலைவர்களை நமக்கும் தெரியாமலில்லை. தொழிலாளிகளின் கழகம் கலைக்கப்பட்டது. 530 வருஷம் கழித்து, 1908-இல், தூத்துக்குடிக் கோரல் மில்லில் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற வேலை நிறுத்தம் வரை அந்தச் சங்கிலியை நீட்டிப் பார்க்கலாம்.

சிற்பிக்குப் பெயர் கிடைத்தது. அவனுக்குக் கல் கொடுத்தவனுக்குக் கிடைக்கவில்லை. கராரா மலையில் மைக்கேலாஞ்சலோ மாதக்கணக்கில் தங்கிக் கல் தேர்ந்தெடுத்தான். அந்தப் பாறைகளை வெட்டிக் கயிறு கட்டிச் சரிவில் இறக்கியவர்களைப் பற்றி யார் பாடினார்கள்? 1894-இல் அந்தக் கராராக் கல்லுடைப்போரே கிளர்ந்தெழுந்து, ராணுவத்தை வைத்து அடக்கப்பட்டார்கள். இந்த நினைப்போடு ஊருக்குத் திரும்புவோம்.

கருங்கல்லில் ஓடும் ரத்தம்

கிருஷ்ணாபுரத்து வீரப்ப நாயக்கர் மண்டபத்துக்குள் நுழையுங்கள். முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சலவைக்கல் மெதுவான கல். இரும்பு ஆணியால் கீறினால் கோடு விழும். கருங்கல் அப்படியல்ல. ஆணி தான் மழுங்கும். ஒரு நாளில் எத்தனை தடவை உளியைக் காய்ச்சி அடித்துத் தீட்ட வேண்டியிருக்கும் என்று நம் கொல்லுப்பட்டறைத் தோழர்களைக் கேளுங்கள். அந்தக் கல்லில் நகக்கண்ணைச் செதுக்கியிருக்கிறான், விலா எலும்பைச் செதுக்கியிருக்கிறான், புறங்கை நரம்பைச் செதுக்கியிருக்கிறான். தூணும் சிலையும் தனித்தனிக் கல் அல்ல. ஒரே கல்லில் தூண், அதே கல்லில் ஆள் உயரச் சிலை. பின்பக்கம் தூணோடு ஒட்டியிருக்க, முன்பக்கம் நம்மை நோக்கி வெளியே வந்து நிற்கிறது. சிலையில் ஒரு விரல் உடைந்தால் போதும், தூண் முழுவதும் வீண். அந்தக் கை நடுங்கியிருக்குமா? நடுங்கினதாகத் தெரியவில்லை.

கர்ணன் கையில் நாகபாணம். எதிரே அர்ச்சுனன். வீமனும் புருஷாமிருகமும். அன்னத்தின் மேல் ரதி, கரும்பு வில்லோடு மன்மதன். பாரதக் கூத்தில் நாம் பார்த்த ஆட்கள் தாம் எல்லாரும். தாவீதைப் போல இவர்கள் வெற்றுடம்போடு நிற்கவில்லை. மார்பில் மாலை, இடுப்பில் கச்சை, காலில் கழல், தலையில் மகுடம் என்று நகை நிறைய இருக்கிறது. நகையை விலக்கி உடம்பைப் பாருங்கள். இவர்களும் ஒரு காலில் பாரத்தைப் போட்டு இடுப்பை வளைத்துத் தான் நிற்கிறார்கள். திரிபங்கம் என்று நம் சிற்பிகள் அதற்குப் பெயர் வைத்து, பிளாரென்ஸ்காரன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே செய்துகொண்டிருந்தார்கள். தசை எப்படி முறுக்கேறும் என்று பிணத்தை அறுத்துப் பார்த்தவன் மைக்கேலாஞ்சலோ; நம் சிற்பி தாள அளவு என்ற கணக்கை வைத்துக்கொண்டு, முகத்தின் நீளத்தை அலகாக்கி, தலைமுதல் கால்வரை அளந்து செதுக்கினான். அளவு சாஸ்திரத்தினுடையது. உயிர் அவனுடையது.

இரண்டு கலைக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் ஏதும் இருந்ததா என்று சிலர் கேட்பதுண்டு. அதே சமயத்தில் தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் போர்ச்சுக்கல் நாட்டுப் பாதிரி ஹென்ரிக்கஸ் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். 1578-இல் கொல்லத்தில் அவருடைய தமிழ்ப் புத்தகம் அச்சேறியது. ஆற்றின் முகத்துவாரம் வரை ஐரோப்பா வந்துவிட்டது. ஆனால் கிருஷ்ணாபுரத்து உளியில் அதன் வாடையே இல்லை. நம் கை, நம் கணக்கு, நம் கதை.

அந்த மண்டபத்தில் நம்மைப் பிடித்து நிறுத்துவது குறவன் சிலை. ஓர் அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான் குறவன். கடவுளுமல்ல, பாரத வீரனுமல்ல. மலையில் தேன் எடுத்துப் பிழைக்கிற சாதாரண மனிதன். அவனைக் கர்ணனுக்குச் சமமான உயரத்தில், கர்ணனுக்குச் சமமான கவனத்தோடு செதுக்கியிருக்கிறான் சிற்பி. ஓடுகிறவனுடைய மூச்சு விலாவில் தெரிகிறது. அரசனிடம் கூலி வாங்கியவன், அரசகுமாரியைக் குறவன் தோளில் ஏற்றிவிட்டான்! பிற்காலத்தில் 18-ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் சொல்லில் செய்ததை, இந்தச் சிற்பி அதற்கு முன்பே கல்லில் தொடங்கிவிட்டான் என்று நமக்குத் தோன்றுகிறது. நாட்டார் கதைகளையும் பாடல்களையும் தேடித் தொகுத்த நம் நெல்லைச்சீமை அறிஞர் நா. வானமாமலை காட்டிய வழியில் பார்த்தால், இந்தச் சிலையில் அரண்மனையின் குரலைவிட மக்களின் குரல் தான் ஓங்கிக் கேட்கிறது.

ஆனால் உயிருள்ள குறவனின் கதி என்ன ஆயிற்று? குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளைக்காரன் 1871-இல் வடக்கே கொண்டுவந்தான். 1911-இல் அதை விரிவுபடுத்திச் சென்னை ராஜதானியிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது குறவர்களையும் அதில் சேர்த்தான். பிறந்த குழந்தையையும் திருடன் ஜாதி என்றான். ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். 1947-இல் தான் இங்கே ஒழிந்தது. கல்லில் இருந்த குறவனைப் பார்த்துத் துரைமார் வியந்தார்கள். கல்லுக்கு வெளியே இருந்த குறவனைப் போலீஸ் ஸ்டேஷனில் படுக்க வைத்தார்கள்.

பெயர் எங்கே போயிற்று?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கிருஷ்ணாபுரம் கோயிலைப் பற்றி ஒரு செப்பேடு இருக்கிறது. விஜயநகர மன்னர் சதாசிவராயர் பெயரில் 1567-இல் எழுதப்பட்டது. கிருஷ்ணப்ப நாயக்கரின் வேண்டுகோள்படி கோயிலுக்குக் கிராமங்களைத் தானமாக விட்ட விவரம் அதில் இருக்கிறது. தானம் கொடுத்தவர் பெயர், அவர் வம்சாவளி, கொடுத்த கிராமங்கள், எல்லாம் உண்டு. சிலை செய்தவன் பெயர் இல்லை. அந்தக் கிராமங்களில் உழுதவன் பெயரும் இல்லை. கோயில் எழும்பியது எதனால்? தாமிரபரணிப் பாய்ச்சலில் கால்வாய்க்குக் கால்வாய் விளைந்த நெல்லால். நெல்லை விளைவித்த பண்ணையாள் களத்துமேட்டில் கூலி நெல்லை வாங்கிக்கொண்டு போனான். மேல்வாரம் கோயில் களஞ்சியத்துக்குப் போனது. களஞ்சியத்திலிருந்து தச்சனுக்குப் படி அளந்தார்கள். உளிக்குப் பின்னால் கலப்பை நிற்கிறது.

பெயர் எழுதும் வழக்கமே நம்மிடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்று ஒரு பெயர் கல்வெட்டில் வருகிறது. அந்தப் பெயரிலும் பாதி ராஜாவுடையது என்பதைப் பாருங்கள். சிதம்பரத்து வடக்குக் கோபுரத்தில் தச்சர்கள் சிலர் தங்கள் உருவத்தையே செதுக்கிப் பெயரும் பொறித்திருக்கிறார்கள். கிபெர்ட்டி செய்ததைத் தான் அவர்களும் செய்தார்கள். நம் சிற்பிக்கும் ஆசை இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் இவை நூற்றில் ஒன்று.

நமது கழுகுமலைக்குப் போங்கள். பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் திருமேனிகள், பாண்டியர் காலத்தவை. பலவற்றின் கீழே வட்டெழுத்தில் பெயர் இருக்கிறது. ஆனால் அது 'செய்வித்தவர்' பெயர். துறவிகள், குரத்தியர் என்ற பெண் ஆசிரியைகள், ஊரார் என்று எத்தனையோ பேர். அரசன் மட்டும் தான் பெயர் எழுதலாம் என்ற நிலை அங்கே இல்லை என்பது ஒரு நல்ல விஷயம். இருந்தாலும் செய்வித்தவன் இருக்கிறான், செய்தவன் இல்லை. 'வித்' என்ற அந்த ஈரெழுத்துச் சங்கதியில் ஒரு முழு சமுதாய அமைப்பே உட்கார்ந்திருக்கிறது.

ஏன் இப்படி? நம் சிற்பி திறமையில் குறைந்தவனா? இல்லை. பிளாரென்ஸ் தச்சனுக்கு நகரத்தில் ஒரு கழகம் இருந்தது, அந்தக் கழகத்துக்கு ஆட்சியில் ஒரு குரல் இருந்தது. ஒரு கழகத்தோடு தகராறு வந்தால் இன்னொரு கழகத்திடம் வேலைக்குப் போகலாம். நம் கம்மாளனுக்குக் கழகத்துக்குப் பதிலாக ஜாதி இருந்தது. வேலை பரம்பரையானது, கூலி கோயிலுடையது, அந்தஸ்து மேலே இருப்பவன் கொடுத்தால் உண்டு. கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கொங்குநாட்டுக் கம்மாளர்கள் தங்கள் வீட்டு நன்மை தீமைக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், வெளியே போகும்போது காலில் செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசன் அனுமதி கொடுக்கிறான். தோழர்களே, யோசித்துப் பாருங்கள்! ஊருக்கெல்லாம் கோபுரம் கட்டுகிறவன், தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாங்க உத்தரவு வேண்டும்! செருப்புப் போட உத்தரவு வாங்க வேண்டியவன் சிலையின் காலடியில் தன் பெயரை எப்படி எழுதுவான்?

கம்மாளனுக்காவது செதுக்குகிற நேரத்தில் அந்தக் கல்லைத் தொட முடிந்தது. நெல் விளைத்தவனுக்கு அதுவும் இல்லை. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட நம் விவசாயத் தொழிலாளிகள் கோயில் வாசலைத் தாண்டத் தலைமுறை தலைமுறையாக உரிமையில்லாமல் இருந்தார்கள். 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயிலில் பிரவேசம் நடந்தது. அதே வருஷம் ஒரு சட்டம், 1947-இல் இன்னொரு சட்டம். நானூறு வருஷத்துக்கு நெருங்கிய காலம், கிருஷ்ணாபுரத்துக் குறவனுக்கு நெல் அளந்தவர்களின் மக்கள் அந்தக் குறவனைக் கண்ணால் பார்க்கவில்லை. இன்று நாம் போய்ப் பார்க்கிறோம் என்றால், அது சும்மா வந்த உரிமை அல்ல.

கழுகுமலையில் இன்னொரு காட்சி: வெட்டுவான்கோயில். எட்டாம் நூற்றாண்டு. மலையின் மேல்பக்கத்திலிருந்து குடைந்து, ஒரே பாறையில் முழுக் கோயிலை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சாரம் கட்டத் தேவையில்லை; ஆனால் பிழை செய்தால் திருத்த வழியில்லை. சிகரம் முடிந்துவிட்டது. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி, சிரிக்கும் பூதகணங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. கீழ்ப்பாகம் அரைகுறையாக நின்றுவிட்டது. அப்பன் சிற்பி மகன் சிற்பியைக் கொன்றதால் நின்றது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதையை விடுங்கள், உளியின் தடத்தைப் பாருங்கள். முடிந்த சிலை பிரபுவினுடையதாகிவிடும். முடியாத இடத்தில் தான் தொழிலாளியின் கை தெரியும். பிளாரென்ஸிலும் மைக்கேலாஞ்சலோ பாதியில் விட்ட நான்கு 'அடிமைகள்' இருக்கின்றன. பாறையை உடைத்துக்கொண்டு வெளியே வரத் திமிறும் மனிதர்கள். போப்பாண்டவருடைய கல்லறைக்காகத் தொடங்கியவை. முழுதாகச் செதுக்கிய எத்தனையோ சிலைகளைவிட அவை நம் மனத்தை அதிகம் தொடுகின்றன.

நம் ஊர்க் கல்

பழங்கதை போதும், இந்தக் காலத்துக்கு வருவோம். கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை நிற்கிறதே, 2000 ஜனவரி 1-ஆம் தேதி திறக்கப்பட்டது, அதற்குப் பெருமளவு கல் எங்கிருந்து போனது? நம் அம்பாசமுத்திரத்திலிருந்து. இங்கேயும் பட்டறை போட்டுச் செதுக்கினார்கள். சிற்பி கணபதி ஸ்தபதியின் பெயர் நாடறியும். அறியவேண்டிய பெயர் தான். அவரோடு உளி பிடித்தவர்கள், கல் பிளந்தவர்கள் இந்த வட்டாரத்திலும் இருந்தார்கள். உங்களில் சிலருக்கு அவர்கள் சொந்தக்காரர்களாகவும் இருக்கலாம். அவர்களுடைய பெயர்களையும் வேலையையும் கேட்டு எழுதி வைப்பது இந்தப் படிப்பு வட்டத்தின் அடுத்த வேலை என்று யோசனை சொல்கிறோம்.

அவர்களுடைய நெஞ்சையும் கேளுங்கள். கருங்கல் தூளில் சிலிக்கா இருக்கிறது. உளியால் செதுக்கிய காலத்தைவிட, மின்சார அரவைச் சக்கரம் வைத்து அறுக்கிற இந்தக் காலத்தில் தூசி பல மடங்கு. அது நுரையீரலில் போய்ப் படிந்தால் திரும்ப வெளியே வராது. மில்லில் பஞ்சுத் தூசி செய்கிற வேலையைப் பட்டறையில் கல் தூசி செய்கிறது. திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுக்குகிறதே என்று சொல்கிற கார்டிங் தோழருக்கு இது புரியும். 1948-ஆம் வருஷத்துப் பாக்டரிச் சட்டம் இரண்டு நோய்களையும் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்தச் சட்டப்படி மின்விசையோடு 10 பேர், மின்விசை இல்லாமல் 20 பேர் இருந்தால் தான் அது பாக்டரியாக இருந்தது. சிற்பப் பட்டறையில் ஐந்து பேரும் ஆறு பேரும் தானே இருக்கிறார்கள்! 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 20 என்றும் 40 என்றும் உயர்த்தி எழுதியது. தாமிரபரணிக் கரையில் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற சிற்பியை, மில் சங்கத்துத் தோழர்கள் தங்கள் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும். அவனுக்கும் நமக்கும் ஒரே டாக்டர், ஒரே வியாதி.

சிற்பங்களைப் பார்க்கப் போகிற தோழர்களுக்கு இரண்டொரு வார்த்தை. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்கள் சத்தம் கொடுக்கும். அதனாலேயே வருகிறவர் போகிறவர் எல்லாம் கல்லாலும் காசாலும் தட்டித் தட்டித் தூண்களில் தழும்பு விழுந்திருக்கிறது. நாம் தட்ட வேண்டாம். பிள்ளைகளையும் தடுக்க வேண்டும். மணலைப் பீய்ச்சிச் சிலையைக் கழுவுகிறவர்களைக் கண்டால் கேள்வி கேளுங்கள். அதில் முதலில் போவது உளியின் தடம். கிருஷ்ணாபுரத்துக்குக் காலையில் போவது நல்லது, பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் விலா எலும்பும் நரம்பும் நன்றாகத் தெரியும். கர்ணனைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், தூணைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அரசன் கண் படாத இடத்தையும் அவன் எப்படிச் செதுக்கியிருக்கிறான் என்பது அங்கே தான் தெரியும்.